தொட்டியைக் கழுவாதீங்க தம்பி

கடிதம்:
அண்ணே வணக்கம். பாப்பா ஆசைப்பட்டான்னு ரெண்டடி தொட்டி வாங்குனேன், செடி வச்ச தொட்டியா இருக்கணும்னு அவளுக்கு. கடையில அன்னைக்கே நியான் டெட்ரா, கப்பி, கண்ணாடியில ஒட்டிக்கிட்டே கிடக்குற சக்கர் மீன் ஒண்ணு எல்லாம் குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா மீனை பக்கெட்டுல விட்டுட்டு கல்லு, ஸ்பாஞ்சு, செடி எல்லாத்தையும் குழாய்த் தண்ணியில நல்லா கழுவி வைக்கிறேன். ஆனாலும் செவ்வாய், புதன்ல ரெண்டு மூணு செத்து மிதக்குது, பாப்பா சாப்பிட மாட்டேங்குறா. லைட்டு எத்தனை வாட் போடணும்? செடிக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் வைக்கவா? நத்தை வேற வந்துருச்சு, எப்படி ஒழிக்கிறது?
— ஒரு வாசகர், வில்லாபுரம்

பதில்:
தம்பி, பாப்பா சாப்பிடலைன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதுக்காகத்தான் இன்னைக்கே உக்காந்து எழுதுறேன். முதல்ல அவளைச் சாப்பிட வைங்க. மீன் சாகுறதுக்கு அவ காரணமில்லன்னு சொல்லுங்க, நீங்கதான் காரணம்.

கோவிச்சுக்காதீங்க. மீன் போடுற கழிவு, மிஞ்சுன தீனி, அழுகுன இலை எல்லாம் தண்ணியில அமோனியாவா மாறும், அது விஷம். அதைத் தின்னு நைட்ரைட்டா ஆக்க ஒரு பாக்டீரியா இருக்கு, நைட்ரைட்டும் விஷம்தான், அதை நைட்ரேட்டா மாத்த இன்னொரு பாக்டீரியா, அந்த நைட்ரேட்டு உங்க செடிக்கு உரம். 1890-லயே வினோகிராட்ஸ்கிங்கிற விஞ்ஞானி இந்த பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சாச்சு. இதுக தண்ணியில மிதக்குறது கொஞ்சம்தான், கல்லு மேலயும் ஸ்பாஞ்சு ஓட்டைக்குள்ளயும் வேர்லயும் வழுவழுன்னு ஒட்டிக்கிட்டுதான் குடும்பம் நடத்தும். புதுத் தொட்டியில அது வேணுங்கிற அளவு பெருக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். நீங்க ஏழாவது நாளே குளோரின் போட்ட தண்ணியில அலசி சாக்கடையில ஊத்திர்றீங்க. திங்கள் முழுக்க அமோனியா ஏறுது, செவ்வாய்க்கிழமை மீன் மிதக்குது. இதுல என்ன மர்மம் இருக்கு?

அதுலயும் நம்ம மதுரைத் தண்ணி, மதுரை வெயில். தண்ணியோட பிஎச்சும் (காரத்தன்மையைக் காட்டுற அளவு அது) சூடும் ஏற ஏற அமோனியாவோட விஷம் கூடும். பிஎச் 7, 25 டிகிரியில இருக்குற அதே அளவு அமோனியா, பிஎச் 8, 30 டிகிரின்னா பத்து மடங்குக்கு மேல விஷமா நிக்கும். உப்புப் பிடிச்ச போர் தண்ணியை சித்திரையில தொட்டியில ஊத்துனா அந்தக் கணக்குதான். சூடு கூடுனா தண்ணியில ஆக்சிஜனும் குறையும். நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீனு, மென்மையான தண்ணியில, 22-லருந்து 26 டிகிரிக்குள்ள இருக்குற சாதி. அதை இங்க தலையில கட்டி அனுப்புன கடைக்காரரை நான் மன்னிக்க மாட்டேன். கப்பி தாங்கும், மோலி தாங்கும்.

கொஞ்ச நாளாவே எனக்குக் கிணத்து நெனப்பாவே இருக்கு. எங்க ஊரு சோழவந்தான் பக்கம், வீட்டுக்குப் பின்னால கல்லுக்கட்டுன கிணறு இருந்துச்சு, இப்ப மண்ணைக் கொட்டி மூடி மேல மோட்டார் ரூம் கட்டிட்டாங்க. எங்க அப்பத்தா கண்மாய்ல இருந்து கெண்டைக் குஞ்சு கொண்டாந்து அதுல விட்டிருந்துச்சு, கொசுப் புழு தங்காதுன்னு. சாயங்காலம் நாலு சோத்துப் பருக்கையைப் போட்டா கறுப்பா முதுகு தெரிய மேல வரும். தண்ணி அப்படியே அடிவரைக்கும் தெரியும், அதைத்தான் குடிச்சோம். தூர் வார ஆளு இறங்குனா மீனையெல்லாம் கிணத்துத் தண்ணியிலயே அண்டாவுல பிடிச்சு வச்சுட்டு, அப்பத்தா மேல நின்னு கத்திக்கிட்டே இருக்கும்: "சேத்தை மட்டும் அள்ளுய்யா, செவத்தைச் சொரண்டாத." அந்தச் செவத்துக் கல்லுல பச்சையும் பழுப்புமா ஒரு விரக்கடைக்கு வழுக்கல் படிஞ்சிருக்கும், கெண்டை அதைக் கொத்திக்கிட்டே சுத்தும். அப்பத்தாவுக்கு நைட்ரேட்டும் தெரியாது வினோகிராட்ஸ்கியும் தெரியாது, ஆனா எதுல கை வைக்கணும் எதுல வைக்கக்கூடாதுன்னு தெரிஞ்சிருந்துச்சு. நம்ம படிச்சவுக, கண்ணாடி பளபளன்னு இருந்தா சுத்தம்னு நினைக்கிறோம். அந்த வழுக்கல்தான் தம்பி சுத்தம். திரும்பத் திரும்ப சொல்றேன்னு நினைக்காதீங்க, இந்த ஒண்ணு உங்க மண்டையில ஏறுற வரைக்கும் சொல்லுவேன்.

இனிமே வாரம் ஒரு தடவை டியூபை வச்சு கால்வாசித் தண்ணியை மட்டும் உறிஞ்சி எடுங்க, அடியில சேர்ந்த குப்பையும் அதோட வந்துரும். புதுத் தண்ணியை முந்தின நாளே பக்கெட்டுல பிடிச்சு வைங்க, இல்லன்னா குளோரினை முறிக்கிற தயோசல்பேட் சொட்டு விடுங்க. ஸ்பாஞ்சு ரொம்ப அடைச்சாதான் தொடணும், அதுவும் தொட்டியில இருந்து எடுத்த அந்தத் தண்ணியிலயே ரெண்டு பிழி. பழுப்பா இறங்கும், போதும். கல்லைத் தொடாதீங்க. செடியைப் பிடுங்காதீங்க, வாரா வாரம் வேரைப் பிடுங்குனா எந்தச் செடி பிழைக்கும்? வாலிஸ்னேரியாவும் ஜாவா ஃபெர்னும் போடுங்க, நம்ம உப்புத் தண்ணியிலயும் வரும். ஜாவா ஃபெர்னை மட்டும் மண்ணுல புதைக்காம கல்லுல நூலால கட்டுங்க.

சிலிண்டர் வேண்டாம். லைட்டு ஏழெட்டு மணி நேரம் எரிஞ்சாப் போதும். நத்தை பாட்டுக்கு இருக்கட்டும். 1849-ல லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியல்காரர் ரெண்டு தங்கமீனும் வாலிஸ்னேரியாவும் வச்சப்ப, இலை அழுகித் தண்ணி கலங்கிப்போய் அவர் கொண்டாந்து விட்டதே குளத்து நத்தையைத்தான், அதுக்கப்புறம் தெளிஞ்சுச்சு. நீங்க ஒழிக்கிறது எப்படின்னு கேக்குறீங்க.

செத்த இடத்துக்கு உடனே புது மீன் வாங்காதீங்க. ரெண்டு மாசம் போகட்டும், இருக்குறது நிலைச்சு நிக்கட்டும். அப்புறம் அயிரை கிடைச்சா உயிரோட நாலு வாங்கி விடுங்க, அடியில நைசான மணல் ஒரு பக்கமாவது இருக்கணும். மணலை வாயில அள்ளி செவுள் வழியா விடுறதையும், மூக்கு மட்டும் தெரியப் புதைஞ்சு கிடக்குறதையும் பாப்பாவுக்குக் காட்டுங்க. அயிரைக் குழம்புக்கு நாக்கைத் தொங்கப் போடுற ஊருல அது உயிரோட எப்படி இருக்கும்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த சக்கர் மீனைக் கடையிலயே திருப்பிக் குடுத்துருங்க, அது ஒரு அடிக்கு மேல வளரும், ரெண்டடித் தொட்டியில திரும்பக்கூட இடம் பத்தாது. கடைக்காரர் வாங்க மாட்டேன்னா பெரிய தொட்டி வச்சிருக்குற யாருக்காவது குடுங்க. பாவம்னு சொல்லி வண்டியூர்க் கண்மாய்லயோ தெப்பக்குளத்துலயோ மட்டும் விட்டுராதீங்க, அது கரையைக் குடைஞ்சு முட்டை வைக்கிற மீனு, நம்ம கெண்டைக்கு அங்க இருக்குற இடமே கொஞ்சம்.