விபூதியைத் தள்ளி வையுங்கள்: குர்து வெள்ளித் தாயத்துகள் பற்றிய கேள்விகள்

கேள்வி: ஈராக்கின் குர்து பகுதியில், எர்பில் கோட்டைக்குக் கீழே உள்ள கைசரி பஜாரில் வாங்கிய கழுத்தணியில் 1780 என்று பொறித்த வெள்ளிக் காசு தொங்குகிறது. நகையும் அவ்வளவு பழசா?

பதில்: அந்த ஆண்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது மரியா தெரேசா தாலர். அந்த ஆஸ்திரிய அரசி 1780இல் இறந்தார். அதற்குப் பிறகு அடித்த காசுகளிலும் அதே ஆண்டுதான் இருக்கும். முறையாக அடித்த காசு என்றால் 28 கிராம் நிற்கும். நிறுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஈராக்கில் இருந்து ஒருவர் 200 ஆண்டுக்கு மேற்பட்ட தாயத்தைத் தபாலில் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 200 ஆண்டு தாண்டிய பொருளை ஈராக்கின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது; அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது.

கேள்வி: இஸ்தான்புல்லில் ‘பழைய குர்து வெள்ளி’ என்று முக்கோணத் தாயத்து வாங்கினேன். இங்கே ஆசாரி உரைத்துப் பார்த்துவிட்டு ஜெர்மன் சில்வர் என்கிறார். ஏமாந்தது என் தப்பா?

பதில்: உங்கள் தப்பே இல்லை. வெள்ளி என்று சொல்லிச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்ததை விற்றவர்தான் தப்பு செய்தவர். அதே ஊரில் நீலமணி கோத்த தாயத்து ஒன்றை நானும் வாங்கினேன். இடுக்குகளில் இருந்த கறுப்பை வயது என்று நம்பினேன்; அது பூசிய கறுப்பு. கையில் பில் இல்லாததால் எதுவும் செய்ய முடியவில்லை. உங்கள் பில்லில் வெள்ளி என்று எழுதியிருந்து, கார்டில் பணம் கட்டியிருந்தால், இன்றே வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஆசாரியிடமும் ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழல் தாயத்துக்குள் மடித்த காகிதம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, வெளிக்கறுப்பை விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். குர்து மக்கள் பேசும் குர்மாஞ்சி மொழியில் இத்தகைய தாயத்துக்கு நிவிஷ்த் என்று பெயர். எழுதுவது என்ற சொல்லில் இருந்து வந்தது. முல்லாவோ ஷேக்கோ ஒரு குழந்தைக்காக, ஒரு நோயாளிக்காக எழுதிக் கொடுத்த பிரார்த்தனை அது. அந்தக் காகிதத்துக்காகத்தான் வெள்ளிக்கூடே செய்தார்கள். அழுக்கு என்று அதைக் குப்பையில் போடும் வியாபாரிகளை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அப்புறம், கறுப்பெல்லாம் அழுக்கு அல்ல. துருக்கியின் கிழக்கே உள்ள ‘வான்’ என்ற நகரத்து வேலையில் வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கிய கறுப்பைக் கோடுகளில் இழைப்பார்கள். விபூதி போட்டுத் தேய்க்கத் தேய்க்க அதுவும் தேயும். 1915க்கு முன் அங்கே அந்த வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆர்மேனியர்கள். ஈராக் பக்கத்துக் குர்து ஊர்களில் யூதத் தட்டார்கள் பலர் இருந்தார்கள். 1950-51இல் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். ஆக, ‘குர்து நகை’ என்றால் அணிந்தவர் யார் என்று தெரிகிறது, செய்தவர் யார் என்று தெரிவதில்லை. எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய நூலையும் அறுக்காதீர்கள். மணிகளின் வரிசை அதில்தான் இருக்கிறது. மெத்தென்ற துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி: நேரலை விற்பனையில் மலிவாக இருந்ததால் ஒரே நாளில் 9 தாயத்து வாங்கிவிட்டேன். திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

பதில்: எடை கேட்டீர்களா? பின்பக்கத்தைக் காட்டச் சொன்னீர்களா? 9 முறை பணம் அனுப்பும்போது ஒரு முறையாவது கேட்டிருக்கலாமே. சரி, ஒன்றை மட்டும் ஆசாரியிடம் கொண்டுபோய் உரைத்துப் பாருங்கள். வெள்ளி என்று விற்றது வெள்ளி இல்லை என்றால், பேபாலில் கட்டிய பணத்துக்கு 180 நாளுக்குள் புகார் தரலாம். வெள்ளிதான் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.