வெட்டிய சுறாத் துண்டை டிஎன்ஏ மூலம் இனம் காண முடியுமா?

கேள்வி: தாராவியில் புட்டுக்குச் சுறா வாங்குகிறோம். மும்பை மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கிலிருந்து வரும்போதே தலை, துடுப்பு இருப்பதில்லை. துண்டை வைத்து இனத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அரிசி அளவு சதை போதும். அதைச் செறிவான எத்தனாலில் (ஆல்கஹாலில்) போட்டு வைக்க வேண்டும். ஃபார்மலின் மட்டும் வேண்டவே வேண்டாம், டிஎன்ஏ சிதைந்துவிடும்.

ஆய்வகத்தில், செல்லுக்குள் தனி டிஎன்ஏ கொண்ட சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்து (டிஎன்ஏவின் அலகு) நீளமுள்ள பகுதியைப் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிப்பார்கள். பிறகு பல உயிரினங்களின் டிஎன்ஏ பதிவுகள் உள்ள போல்டு, ஜென்பேங்க் தரவுத்தளங்களில் ஒப்பிட்டால் இனம் தெரியும். சமைத்த துண்டு, காய்ந்த துடுப்பு என்றால் டிஎன்ஏ நைந்திருக்கும்; அப்போது இன்னும் குட்டையான பகுதியைப் படிப்பார்கள்.

ஆனால் தரவுத்தளத்தில் யாரோ தவறாகப் பெயரிட்ட மீன் இருந்தால் நமக்கும் தவறான பெயரே வரும். அப்புறம், மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. கலப்பினச் சுறா தாயின் இனமாகவே காட்டும். ஆஸ்திரேலியக் கடலில் இரண்டு கருநுனிச் சுறா இனங்கள் அப்படிக் கலக்கின்றன; அங்கே தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவையும் பார்த்தே ஆகவேண்டும்.

இந்த வேலை அவசியம் என்பேன். திமிங்கலச் சுறாவும் ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீன்களும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள உயிரினங்களின் பட்டியலில், இருக்கின்றன. தோலுரித்துத் துண்டு போட்ட பிறகு கண்ணால் பார்த்து எதையும் நிரூபிக்க முடியாது.