மாரத்தான் நாளில் அவசரப் பிரிவுக்கு என்ன ஆகும்?

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு மாரத்தான் வைத்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு ஓட்டக்காரர்களால் நிரம்பிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. தசைப்பிடிப்பு, கொப்புளம் எல்லாம் பாதையோர முகாமிலேயே சரியாகிவிடும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது, அதனால் வெப்பத்தாக்கு வரலாம். அப்படி விழுந்தவரை முதலில் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திக் குளிரவைத்து, அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை ஓடாதவர்களைப் பற்றித்தான். அமெரிக்காவின் 11 நகரங்களைப் பார்த்த 2017 ஆய்வு ஒன்றில், மாரத்தான் நாட்களில் மாரடைப்போ இதய நிறுத்தமோ வந்து சேர்ந்த முதியவர்களில் 28.2% பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். மற்ற நாட்களில் 24.9%. காலை வேளையில் ஆம்புலன்ஸ் மருத்துவமனை சேர 4.4 நிமிடம் கூடுதலானது. சுசீந்திரம் வழியை அடைக்கும் முன்பே 108 ஓட்டுநர்களுக்கு மாற்றுவழி தெரிந்திருக்க வேண்டும்.