அலகு குத்திய நாக்கு சீக்கிரம் ஆறுகிறது, ஸ்டட் குத்திய நாக்குக்கு ஏன் வாரக்கணக்கில் ஆகிறது?

பத்துமலையில் நாக்கில் வேல் குத்திக்கொண்ட அண்ணன் மறுநாளே சோறு சாப்பிட்டார், ஸ்டட் (இரண்டு முனையிலும் சின்னக் குண்டு வைத்த கம்பி) குத்திய தோழி மட்டும் இன்னும் கஞ்சி குடிக்கிறாள், இது ஏன், நானும் கோலாலம்பூரில் குத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கேதான் குத்திக்கொண்டேன், இன்னும் போட்டிருக்கிறேன். எங்கள் அம்மாவும் இதையேதான் கேட்டார். "தைப்பூசத்துல குத்துறவங்களுக்கு ஒண்ணும் ஆகல, உனக்கு மட்டும் ஏண்டி இப்படி வீங்குது?" என்று.

இரண்டும் நாக்கில் விழும் துளைதான். ஆனால் அதற்கப்புறம் உடம்புக்கு இருக்கும் வேலை வேறு. அலகு சில மணி நேரம் நாக்கில் இருக்கும். காவடி மலையேறி நேர்த்திக்கடன் முடிந்ததும் உருவிவிட்டு விபூதி வைப்பார்கள். உருவியதும் துளையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள முடிகிறது. நாக்கில் இரத்த ஓட்டம் அதிகம், அதனால் அது வேகமாக மூடிவிடும். ஸ்டட் போட்டால் கம்பி உள்ளேயே கிடக்கிறது, துளை மூட வழியில்லை. அதனால் உடம்பு துளையின் மேல் திறப்பிலிருந்தும் கீழ்த் திறப்பிலிருந்தும் ஒரு மெல்லிய படலத்தை உள்நோக்கி வளர்த்து, துளையின் சுவர் முழுவதையும் மூடிப் பூசுகிறது. இதற்கு 4 முதல் 8 வாரம் ஆகும். இரண்டு திறப்புகளும் முதலில் ஆறும், நடுப்பகுதி கடைசியில்தான் ஆறும். மூன்றாவது வாரத்தில் கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி தெரியும், அதை நம்பி விட வேண்டாம்.

நான் போனது புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடைக்கு. நாக்குக்கு ஊசிதான், பிஸ்டல் மாதிரிக் கருவியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி உங்கள் கண் முன்னே பிரிக்கும் உறையிலிருந்து வர வேண்டும், மற்ற கருவிகள் ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்தில், சுத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும். நல்ல பியர்ஸர் (குத்திவிடுபவர்) முதலில் உங்கள் நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். அங்கே இரண்டு பக்கமும் நீலமாக இரத்தக் குழாய்கள் ஓடும், நடுவில் நாக்கைக் கட்டியிருக்கும் சவ்வு இருக்கும். இவற்றுக்கு விலகி நடுக்கோட்டில் புள்ளி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. சிலருக்கு அந்தச் சவ்வு நுனி வரை வந்திருக்கும், அவர்களை நேர்மையான கடை திருப்பி அனுப்பிவிடும். கம்பி ஏஎஸ்டிஎம் எஃப்-136 தர டைட்டானியமா, அதாவது உடலுக்குள் பொருத்தும் தரமா என்றும் கேளுங்கள். வழக்கமான தடிமன் 14 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர்.

குத்தும்போது வலிக்குமா? வலிக்கும், ஆனால் சில நொடிதான். கஷ்டம் அன்று சாயங்காலம் ஆரம்பிக்கிறது. நாக்கு முழுவதும் தசை, வீங்கினால் வாயே கொள்ளாது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சம், ஒரு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வீக்கம் கொஞ்சம் குறைவாக இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரில் செய்த ஐஸைச் சின்னத் துண்டுகளாக வாயில் கரைய விடலாம். வலிக்குப் பனடால் (பாராசிட்டமால்) போதும். ஆஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும், அது வேண்டாம்.

பேச்சு? எனக்கு வேலையே தொலைபேசியில். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓரளவு சமாளித்தேன், தமிழ்தான் வரவே இல்லை. ழ, ள, ட எல்லாவற்றுக்கும் நாக்கு பின்னால் மடிய வேண்டும், அதுதான் முடியாது. உங்களுக்கும் பேசுகிற வேலை என்றால் முதல் வாரத்துக்கு லீவு போட்டுவிடுங்கள்.

சாப்பாடு பற்றி நிறைய சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் எதைத் தொட்டாலும் சம்பல். நாசி லெமாக், கறி, மிளகு ரசம் எதுவும் முதல் இரண்டு வாரத்துக்கு வேண்டாம், பச்சைப் புண்ணில் காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எனக்கு உயிர் கொடுத்தது அம்மா வைத்த கஞ்சியும், குழைய வடித்த தயிர்சோறும், சூடு ஆறிய தௌஃபூஃபாவும்தான். அந்தச் சோயா கட்டி மெல்லவே தேவையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதில் சர்க்கரைப் பாகு இருப்பதால் சாப்பிட்டதும் வாய் கொப்பளித்துவிட வேண்டும். ஐஸ் கச்சாங்கும் செண்டோலும் குளிர்ச்சிதானே என்று தோன்றும். ஆனால் அதிலுள்ள பீன்ஸும் ஜெல்லியும் கம்பியைச் சுற்றி மாட்டிக்கொள்ளும், கடை ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்றும் தெரியாது. தே தாரிக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) ஆறவைத்துக் குடிக்கலாம். கவளத்தைச் சின்னதாக எடுத்து நேராகக் கடைவாயில் வையுங்கள், நாக்கைப் புரட்டாமல் மெல்லப் பழகுங்கள். அவசரமாக மென்றால் பல் குண்டைக் கடித்துவிடும், அந்த அதிர்ச்சி மண்டை வரைக்கும் போகும்.

சுத்தம் எளிது. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் உப்புத் தண்ணீர், ஒரு கோப்பை கொதித்து ஆறிய தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி உப்பு. மவுத்வாஷ் போட்டால் ஆல்கஹால் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். நாள் முழுக்கக் கொப்பளித்துக்கொண்டே இருப்பதும் புண்ணை எரிச்சலாக்கும். புதிய மெல்லிய பிரஷ் ஒன்று வாங்கிவிடுங்கள். குண்டு இறுகியிருக்கிறதா என்று தினமும் கை கழுவிய பிறகு திருகிப் பாருங்கள், தளர்ந்தால் தூக்கத்தில் விழுங்கிவிட வாய்ப்புண்டு. சிகரெட், மது, முத்தம் எல்லாம் ஆறும் வரை நிறுத்தத்தான் வேண்டும்.

உங்கள் தோழியிடம் நீங்கள் உடனே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: கம்பியை மாற்றினாளா? வீக்கத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக முதல் நாள் நீளமான கம்பி போடுவார்கள், 20 மில்லிமீட்டருக்குப் பக்கமாக இருக்கும். வீக்கம் வடிந்ததும், 2 முதல் 4 வாரத்துக்குள், பியர்ஸரிடமே திரும்பப் போய்க் குட்டையானதைப் போட்டுக்கொள்ள வேண்டும். பலருக்கு 16 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். வலி போய்விட்டது என்று இந்த இரண்டாவது நடையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீளக் கம்பி சும்மா இருக்காது. பேசும்போதெல்லாம் முன்பல்லில் தட்டும், கீழ்ப்பற்களின் உட்பக்க ஈறில் உராயும். பல் விளிம்பு உடையலாம், ஈறு மெல்ல மெல்லக் கீழே இறங்கி வேர் வெளியே தெரியலாம். இறங்கிய ஈறு தானாக ஏறாது, ஒட்டு வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். குட்டைக் கம்பி போட்டாலும் ஆபத்து குறைகிறதே தவிர முழுசாகப் போவதில்லை. பற்களுக்கு நடுவே கம்பியை வைத்து உருட்டும் பழக்கம் இருந்தால் அதுவே போதும் பல்லைக் கெடுக்க. நான் பல் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் கீழ் ஈறின் உட்பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன். இறங்க ஆரம்பித்தால் அன்றே கழற்றிவிடுவேன், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ கொஞ்சம் கசிவது சாதாரணம். பச்சையாக, நாற்றத்தோடு சீழ் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வடிந்த வீக்கம் திரும்ப ஏறினாலோ அன்றே கிளினிக்குக்குப் போங்கள். கம்பியை நீங்களாகக் கழற்ற வேண்டாம், துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளே அடைபடலாம். விழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியிலும் தாடையிலும் கெட்டியாக வீங்குகிறது, மூச்சு திணறுகிறது என்றால் காத்திருக்கவே கூடாது, 999 அழையுங்கள். அரிதுதான், ஆனால் அந்தத் தொற்று மூச்சுப் பாதையை அடைக்கும்.

இதய வால்வில் கோளாறு, பிறவி இதயக் குறை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இதில் எது இருந்தாலும் மருத்துவர் சரி என்று சொல்லாமல் குத்தாதீர்கள். வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்தில் போய் உட்காரலாம். மற்றவர்கள் தாராளமாகக் குத்திக்கொள்ளலாம் என்பதுதான் என் பதில். கடையில் விலை கேட்கும்போதே குட்டைக் கம்பியும் மாற்றும் வேலையும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். அப்புறம், தீபாவளிக்கு முந்தைய மாதம் வேண்டாம். வீடு முழுக்க முறுக்கு இருக்கும், நீங்கள் தயிர்சோற்றோடு உட்கார்ந்திருப்பீர்கள்.