காக்டெயிலுக்குப் பானை சரிப்படுமா?

கேள்வி: நான்கு வருடமாக லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன். மண் பானையில் நன்றாகக் குஞ்சு பொரிக்கின்றன. போன வருடம் காக்டெயில் என்ற கொண்டைக் கிளியில் ஒரு ஜோடி வாங்கி, அதற்கும் கொஞ்சம் பெரிய பானையாகக் கட்டிவிட்டேன். முதல் முறை ஐந்து முட்டையில் மூன்று உடைந்தது. அடுத்த முறை அடையைப் பாதியில் விட்டுவிட்டன. கடைக்காரர் மரப்பெட்டி வாங்கச் சொல்கிறார். எப்படிப்பட்டது வாங்கலாம்?

பதில்: கடைக்காரர் சொன்னது சரிதான். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளி. அதில் பெண் மட்டுமே அடைகாக்கும். உடம்பும் சின்னது. பானையின் குழிந்த அடியில் முட்டைகள் சிதறாமல் இருக்கும், அதற்கு அது போதும். காக்டெயிலில் பெரும்பாலும் பகலில் ஆணும் இரவில் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், சில நேரம் இரண்டும் சேர்ந்தே உள்ளே உட்காரும். வாலோடு ஓரடி நீளமுள்ள இரண்டு பறவைகள் பானைக்குள் திரும்பினால் முட்டை மிதிபடத்தான் செய்யும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 அங்குலம் உள்ள பெட்டி போதும். வாசல் 3 அங்குல வட்டம். அதை நடுவில் போடாமல் மேல்பக்கம் ஒரு ஓரமாக வெட்டச் சொல்லுங்கள். நடுவில் இருந்தால் பறவை நேராக முட்டை மேலேயே குதிக்கும். வாசலுக்குக் கீழே உள்பக்கம் நாலைந்து சிறு பட்டைகளை ஏணிபோல அடித்துவிட்டால் நிதானமாக இறங்கும்.

பலரும் கோட்டை விடுவது பெட்டியின் தரையில்தான். வெறும் பலகையில் முட்டை உருளும். பொரித்த குஞ்சுக்கோ கால் வழுக்கி இரண்டு பக்கமும் அகன்றுவிடும், பிறகு நிமிர்வது கஷ்டம். காக்டெயில் கூடு கட்டாது, நீங்கள் போடுவதுதான் மெத்தை. தச்சுப் பட்டறையில் இழைக்கும்போது சுருண்டு விழும் பைன் மரச்சீவலை 2, 3 அங்குலம் பரப்புங்கள். அறுக்கும்போது வரும் தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். வாசனை தூக்கலான தேவதாரு சீவலும் வேண்டாம். சில ஜோடிகள் சீவலை எல்லாம் வாரி வெளியே எறியும்! அப்படியானால் தரைப்பலகையிலேயே ஆழமில்லாத ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள்.

பெட்டியை நீங்களே செய்வதானால் பழைய பேக்கிங் பலகை மலிவாகக் கிடைக்கும். அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடவே வேண்டாம். உள்ளே பெயின்ட், வார்னிஷ் கூடாது, கொறித்துவிடும்.

கூண்டின் மேல்பகுதியில், வெளிப்பக்கமாக மாட்டினால் பின்கதவைத் திறந்து பார்ப்பது எளிது. தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் நான் பெட்டியையே கழற்றிவிடுவேன்.

அப்புறம், உங்கள் ஜோடிக்கு என்ன வயது? 18 மாதம் ஆகவில்லை என்றால் பெட்டி வைக்க அவசரம் வேண்டாம். அடையைப் பாதியில் விட்டதற்கு அனுபவமின்மையும் காரணமாக இருக்கலாம். ஓடு மெலிந்திருந்தாலும் முட்டை உடையும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், கூண்டில் எப்போதும் ஒரு துண்டு இருக்கட்டும்.

முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அடை உட்காருவது சில முட்டை ஆன பிறகே. அங்கிருந்து 18 முதல் 21 நாள். முதல் முட்டையிலிருந்து எண்ணிக் கூமுட்டை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வருடத்துக்கு இரண்டு ஈடு, அதாவது இரண்டு முறை முட்டையிட்டுப் பொரிப்பது போதும், பிறகு பெட்டியை எடுத்துவிடுங்கள்.

பழைய பானையை பட்ஜிகளுக்கே கொடுத்துவிடலாம். பல ஜோடிகள் ஒரே கூண்டில் இருந்தால் ஜோடிக்கு ஒன்று என்று எண்ணாமல் இரண்டு, மூன்று கூடுதலாக, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். உயரத்தில் இருக்கும் பானைக்குத்தான் பெண் பட்ஜிகள் அடித்துக்கொள்ளும்.