தோட்டத்தில் சொந்தமாக ஒரு வானாய்வுக் கூடம் கட்ட ஆசை. குவிமாடம் நல்லதா, நகரும் கூரை நல்லதா?

நீங்கள் கூரையைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் தரையில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் சறுக்கியது அங்கேதான்.

என்னுடையது ஒரு சிறிய மரக் கொட்டகை. நடுவில் தொலைநோக்கியைத் தாங்க ஒரு காங்கிரீட் தூண். தரைக்கும் தூணுக்கும் சேர்த்து ஒரே நாளில் காங்கிரீட் போட்டேன். வேலை மிச்சம் என்று சந்தோஷம் வேறு! முதல் இரவு சனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற தம்பி ஓர் அடி எடுத்து வைத்தான். சனி அப்படியே துள்ளியது.

கணக்குப் போட்டால் இது ஆச்சரியமே இல்லை. ஒரு பாகையை 3,600 பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் விகலை. 1 மீட்டர் நீளக் குழாயின் ஒரு முனை 0.01 மில்லிமீட்டர் நகர்ந்தாலே பார்வை 2 விகலை திரும்பிவிடும். சனி வளையங்களுக்கு நடுவே கறுப்புக் கோடாகத் தெரியும் காசினி இடைவெளியின் அகலமோ 1 விகலைகூட இல்லை.

அப்புறம் என்ன, தூணைச் சுற்றித் தரையை உடைத்து விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டேன். நீங்கள் முதலிலேயே தூணுக்குத் தனிக் குழி, தனி அடித்தளம் போட்டுவிடுங்கள். தரை எந்த இடத்திலும் அதைத் தொடக்கூடாது. மின்கம்பி போகும் குழாயையும் அப்போதே புதைத்துவிடுங்கள்.

தரைக்கும் சுவருக்கும் மரப்பலகையே நல்லது. செங்கல்லும் காங்கிரீட்டும் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவெல்லாம் வெளியே விடும். அந்தச் சூடான காற்று மேலே எழும்போது கிரகம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு மேலாகப் பார்த்தாலும் இதே கதைதான்.

சரி, கூரை. என் ஓட்டு நகரும் கூரைக்கு. சக்கரம் வைத்துத் தண்டவாளத்தில் தள்ளினால் முழு வானமும் கிடைக்கும், உள்ளே சூடும் சீக்கிரம் தணியும். குவிமாடம் காற்றையும் தெருவிளக்கையும் நன்றாகவே மறைக்கும். ஆனால் ஒரு பிளவு வழியாகத்தான் பார்க்க வேண்டும், தொலைநோக்கி திரும்பத் திரும்ப அதையும் சுற்ற வேண்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறதே. படம் எடுப்பவர்களுக்கும் காற்று அதிகம் உள்ள இடத்துக்கும் குவிமாடம் சரி.

இடத்தை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். சில மாதங்கள் தொலைநோக்கியை முக்காலியில் வைத்துத் தோட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் நின்று பாருங்கள். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்தது தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்துதான். அதனால் கூடம் கட்டும்வரை வானம் காத்திருக்கட்டும் என்று இருக்க வேண்டாம். நீங்கள் வட அரைக்கோளத்தில் இருந்தால் துருவ நட்சத்திரம் மறையாத மூலையாகத் தேடுங்கள், தொலைநோக்கி சுழலும் அச்சை அதை நோக்கிச் சரிசெய்வது எளிது. உங்கள் இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, கிட்டத்தட்ட அத்தனை பாகை உயரத்தில் அது நிற்கும்.

ஈரம் இன்னொரு எதிரி. மூடிய கொட்டகைக்குள் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிறிய மின்விசிறி ஒன்றும் சிலிக்கா ஜெல் பைகளும் போதும்.

கடைசியாக, கூரைக்கு இரண்டு பக்கமும் கனமான கொக்கி போடுங்கள். மூடும் முன் தொலைநோக்கியைப் படுக்க வைத்தாயிற்றா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இருட்டில் கண்ணை நம்பி நான் ஒரு தேடுநோக்கியை (தொலைநோக்கியின் மேல் இருக்கும், குறிபார்க்க உதவும் சின்னக் குழாய்) உடைத்திருக்கிறேன்.