டிக்கிக்குள் வந்த சிறகு

அன்புள்ள ஐயா,

கோவையில் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். சாலைக் கார்களைப் பந்தயத்துக்காக மாற்றியமைத்து ஓட்டும் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 1994 சீசனின் பழைய ஒளிபரப்புகளை இரவு வேளைகளில் பார்த்து வருகிறேன். ரசித்துத்தான் பார்க்கிறேன். ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன.

ஒன்று, அந்த ஆண்டு பட்டம் வென்ற ஆல்ஃபா ரோமியோ. காற்றின் அழுத்தத்தால் காரைத் தரையோடு பிடித்துவைக்கிற, மற்றவர்களிடம் இல்லாத பின்பக்கச் சிறகை மாட்டிக்கொண்டு முதல் ஐந்து பந்தயங்களையும் அள்ளிக்கொண்டார்கள். கூடாது என்று சொன்னதும் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். இதை ஏமாற்று வேலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? இன்னொன்று, கூரை பின்கோடிவரை நீளும் வோல்வோவின் எஸ்டேட் கார். மளிகைச் சாமானும் பிள்ளைகளும் ஏற்றிப் போகிற வண்டியைப் பந்தயத்துக்கு அனுப்பியது வெறும் விளம்பரம்தானே? தந்திரமும் விளம்பரமும் இப்படிக் கலந்து கிடக்கிற ஆண்டை மிகச் சிறந்த சீசன்களில் ஒன்று என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அது ஏமாற்று வேலை இல்லை. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது.

விதி என்ன சொன்னது என்பதிலிருந்து தொடங்குவோம். இந்தச் சாம்பியன்ஷிப்பில் ஓடிய, ‘சூப்பர் டூரிங்’ என்று பெயர் பெற்ற அன்றைய கார்களுக்கு இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ கூடாது, நிமிடத்துக்கு 8,500 சுழற்சிக்கு மேல் போகக் கூடாது. வெளியுருவம் ஷோரூமில் விற்கும் காரைப் போலவே இருக்க வேண்டும். காற்றைக் கையாளும் பாகம் எதையாவது பந்தயக் காரில் பொருத்த வேண்டுமானால், அந்தப் பாகத்துடன் 2,500 கார்களைச் சாலைக்காகத் தயாரித்திருக்க வேண்டும்.

ஆல்ஃபா அதைத்தான் செய்தது. 155 மாடலில் ‘சில்வர்ஸ்டோன்’ என்று ஒரு வகையைக் கொண்டுவந்தார்கள். முன்பக்கம் பம்பருக்கு அடியில் இருக்கும் தகட்டை வெளியே நீட்டிக்கொள்ளலாம். பின்பக்கச் சிறகை உயர்த்துவதற்கான துண்டுகள் காரில் பொருத்தப்படாமல் டிக்கிக்குள் வைத்துக் கொடுக்கப்பட்டன. வாங்கியவர் வேண்டுமானால் மாட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் அப்படியே கிடக்கட்டும். பந்தய அணி அவற்றை எடுத்து மாட்டியது. இத்தனை நாள் டிக்கி மூடியோடு ஒட்டிக் கிடந்த சிறகு மேலே எழுந்து காற்றோட்டத்தில் நின்றது. பட்டறைக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: நூறு மைல் வேகத்தில் காற்று காரைக் கீழே அழுத்தினால் டயர் தரையை விடாது. த்ரக்ஸ்டன் போன்ற அதிவேக மைதானத்தில் அந்த அழுத்தம் இருக்கிற காருக்கும் இல்லாத காருக்கும் வளைவில் தெரிகிற வித்தியாசத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முதல் ஐந்து பந்தயங்களையும் ஆல்ஃபாவின் ஓட்டுநர் கப்ரியேலே டார்குவினி வென்றார். ஃபோர்டு முதலான போட்டி அணிகள் எதிர்த்தன. சாலைக் காரில் பொருத்தியே விற்காத பாகத்தைப் பந்தயக் காரில் எப்படிப் பொருத்தலாம் என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டிய நேரம் சீசன் தொடங்குவதற்கு முன்பு. காரைப் பரிசோதித்து உள்ளே விட்டவர்கள், ஐந்து பந்தயங்கள் முடிந்து அடுத்த பந்தயத்துக்காக ஓல்டன் பார்க் மைதானத்துக்கு வந்தபோது சிறகைத் தாழ்த்தச் சொன்னார்கள். ஆல்ஃபா அணி கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. டார்குவினியும் அவருடைய சக ஓட்டுநர் ஜாம்பியேரோ சிமோனியும் அன்று பந்தயத்தில் இல்லை. கோபித்துக்கொண்டு போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த விதியின் பேரில் அனுமதி பெற்றார்களோ அதே விதியின் பேரில் நடுவழியில் தடுக்கப்பட்டால் வேறென்ன செய்வது? இந்த விஷயத்தில் நான் முழுக்க அவர்கள் பக்கம். இந்தச் சிறகைக் காரணம் காட்டி ஆல்ஃபாவின் புள்ளிகளையும் பறித்தார்கள்; அவை மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தன. அதன் பிறகு சிறகைத் தாழ்த்தி ஓட்டுவது என்று சமரசம் ஆயிற்று.

சிறகு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அதோடு பட்டம் கைநழுவியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அந்த ஆண்டு டார்குவினியின் மொத்த வெற்றிகள் எட்டு. ரெனோ லகூனாவில் வந்த அலென் மெனு இரண்டாம் இடம், ஃபோர்டு மான்டியோவில் வந்த நியூசிலாந்துக்காரர் பால் ராடிசிச் மூன்றாம் இடம். இருவருமே முதல் தரமான ஓட்டுநர்கள். மெனு பிற்பாடு 1997இல் சாம்பியன் ஆனவர்.

டார்குவினி எப்படிப்பட்டவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபார்முலா ஒன்னில் அவர் ஏ.ஜி.எஸ். போன்ற பணமில்லாத அணிகளில் ஓட்டினார். பணமில்லாத அணிகள் தகுதிச் சுற்றில் கலந்துகொள்வதற்கே முன்தகுதிச் சுற்று ஒன்றில் தேற வேண்டியிருந்த காலம் அது. அந்தப் படியைத் தாண்ட முடியாமல் அவரைவிட அதிக முறை வீட்டுக்குப் போன ஓட்டுநர் எவரும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு நல்ல கார் ஒன்று கையில் கிடைத்தபோது என்ன செய்தார் என்பதைத்தான் 1994இல் பார்க்கிறோம். அந்த ஒளிபரப்புகளில் சிறகை மறந்துவிட்டு முன்சக்கரங்களை மட்டும் பாருங்கள். வளைவின் உட்புறத் திட்டின் மேல் தயக்கமின்றி ஏற்றி, கார் துள்ளி இறங்கும்போதே அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கியிருப்பார். 2009இல் 47 வயதில் உலக டூரிங் கார் சாம்பியன். 2018இல் 56 வயதில் உலக டூரிங் கார் கோப்பையும் அவருக்கே. அப்போது அவர் ஓட்டியது ஆல்ஃபா அல்ல.

அடுத்தது வோல்வோ. விளம்பரம்தான், ஆமாம். பாதுகாப்பான, சலிப்பான, குடும்பத்துக்கான கார் என்ற பெயரை உடைக்கத்தான் 850 எஸ்டேட்டை அனுப்பினார்கள். ஒரு பந்தயத்தின் அணிவகுப்புச் சுற்றில் பின்பக்கம் பெரிய பொம்மை நாயை உட்காரவைத்தே ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் ‘வெறும்’ விளம்பரம் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கார்களை ஓட்டிய அணி டாம் வாக்கின்ஷாவுடையது. ஜாகுவாரை வைத்து லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை 1988இலும் 1990இலும் வென்ற அணி. 1988இல் அந்த ஜாகுவாரை ஓட்டிய மூவரில் ஒருவர் யான் லாமர்ஸ். அவர்தான் இந்த எஸ்டேட்டில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு காரில் 1992 மக்காவ் ஃபார்முலா த்ரீ பந்தயத்தை வென்ற சுவீடன்காரர் ரிக்கார்ட் ரைடெல். வேடிக்கை காட்டுவதற்கு யாரும் இப்படி ஆள் சேர்ப்பதில்லை.

வண்டியும் அப்படித்தான். ஐந்து சிலிண்டர் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. செடானுக்கும் எஸ்டேட்டுக்கும் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் ஒன்றே. கூரை பின்கோடிவரை நீள்வதால் உயரத்தில் எடை கூடுகிறது. அதே கூரையால் காற்று வண்டியின் பின்விளிம்புவரை ஒழுங்காகப் போகிறது. கொஞ்சம் லாபம், கொஞ்சம் நட்டம். வளைவில் உட்புறப் பின்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கி நிற்க, அந்த நீண்ட உடல் சாய்ந்து வரும் காட்சியை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு அலுக்காமல் பார்க்க முடிகிறது. ஐந்தாம் இடத்துக்கு மேல் அது முடித்ததில்லை. புது அணிக்கு, முதல் ஆண்டுக்கு, அது அவமானமும் இல்லை.

உங்கள் இரண்டு கேள்விகளும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. ஆல்ஃபாவின் சிறகால் எழுந்த சண்டைக்குத் தீர்வாக, 1995இல் எல்லா அணிகளுக்கும் முன் தகடும் பின் சிறகும் அனுமதிக்கப்பட்டன. எஸ்டேட்டின் கூரையில் அந்தச் சிறகை வைத்துப் பயன் பெற வழியில்லை. வோல்வோ செடானுக்கு மாறியது. எஸ்டேட் ஒரே ஆண்டோடு போய்விட்டது. போட்டியில் தோற்றதால் அல்ல, விதி மாறியதால்.

அந்த விதி மாற்றம்தான் எனக்குப் பெரிய வருத்தம். 1994இல் ஆல்ஃபா, பி.எம்.டபிள்யூ., ஃபோர்டு, மஸ்டா, நிசான், பெஜோ, ரெனோ, டொயோட்டா, வாக்ஸ்ஹால், வோல்வோ என்று பத்து நிறுவனங்களின் கார்கள் ஒரே களத்தில் நின்றன. இவற்றில் மஸ்டா மட்டும் பணமில்லாமல் பாதியில் விலகியது. இதைத்தான் சிறந்த ஆண்டு என்று சொன்னேன். சிறகுகள் வந்த பிறகு, கார் மேல் காற்றை வீசவிட்டுப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையில்லாமல் யாரும் ஜெயிக்க முடியாது என்றாயிற்று. ஆண்டுக்கு ஆண்டு செலவு ஏறியது; நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. 2000இல் ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் என்று மூன்றுதான் மிச்சம். அத்தோடு சூப்பர் டூரிங் விதியே பிரிட்டனில் முடிவுக்கு வந்தது. செலவு ஏறியதற்குச் சிறகு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு அணியின் சாமர்த்தியத்தை அந்த ஆண்டோடு நிறுத்தாமல், அதை எல்லோருக்கும் கட்டாயச் செலவாக்கியது நிர்வாகம் எடுத்த தவறான முடிவு என்பதே என் கருத்து.

நேரம் கிடைத்தால் அதே 1994 அக்டோபரில் டோனிங்டனில் நடந்த டூரிங் கார் உலகக் கோப்பைப் பந்தயத்தையும் தேடிப் பாருங்கள். முந்தைய ஆண்டு மொன்சாவில் வென்ற ராடிசிச்தான் அங்கும் வென்றார். அவருடைய மான்டியோவில் எஞ்சின் எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு பின்னே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்கு என் கண்ணைவிட நன்றாகவே தெரியும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்